சேலம் வெயிலைத் தாங்கி ஆண்டுதோறும் பூக்கும் செடிகள்: உங்கள் வீட்டில் எவை நிற்கின்றன?

கன்னங்குறிச்சிக்காரி

அனைவருக்கும் வணக்கம். மூக்கனேரிக்குக் கொஞ்சம் தள்ளி எங்கள் வீடு. கிழக்குப் பார்த்த வாசலில் சிறிது மண், பின்கட்டில் துவைகல்லைச் சுற்றி இன்னும் கொஞ்சம், மேற்கே நாள் முழுவதும் சூடேறிக் கிடக்கும் சுற்றுச்சுவர். இவ்வளவுதான் என் தோட்டம். காவிரித் தண்ணீர் குடிக்க மட்டும். செடிகளுக்கு ஆழ்குழாய்த் தண்ணீர்தான். வாளியில் ஒரு நாள் நின்றாலே ஓரத்தில் வெள்ளையாகப் படிந்துவிடும்.

மே மாதம் ஏற்காட்டில் மலர்க் காட்சி முடிந்ததும் எங்கள் தெருவில் பாதி வீடுகளில் டாலியா தொட்டி வந்து உட்காருகிறது. ஆனி பிறப்பதற்குள் எல்லாம் கருகிக் குப்பைக்குப் போகிறது. எனக்கு அந்த வழியில் விருப்பமே இல்லை. வாங்கி, பார்த்து, தூக்கி எறிவதற்குப் பெயர் தோட்டம் அல்ல. ஒரு முறை நட்டால் பல ஆண்டுகள் நின்று, தன் பருவம் வந்ததும் தானாகப் பூக்கும் செடிகள் வேண்டும். சித்திரை முதல் பங்குனி வரை எந்த மாதத்திலும் வாசலில் ஏதோ ஒன்று பூத்திருக்க வேண்டும். பூக்காத நாளிலும் நின்று பார்க்கத் தோன்றும் விசித்திரமான செடிகள் இரண்டொன்று இருந்தால் இன்னும் நல்லது.

இப்போது இருப்பவை: அடுக்குச் செம்பருத்தி, நந்தியாவட்டை, சிவப்பு இட்லிப்பூ. இட்லிப்பூவின் புது இலைகள் எல்லாம் மஞ்சளாக வருகின்றன. உரம் வைத்தும் மாறவில்லை. அதற்கும் வழி சொல்லுங்கள்.

மலையடிவாரம்

அம்மா, முதலில் அந்த இட்லிப்பூவைப் பார்ப்போம். அதைப் புரிந்துகொண்டால் உங்கள் வீட்டில் எது நிற்கும், எது நிற்காது என்பதில் பாதி தெரிந்துவிடும்.

நுனி இலை ஒன்றைக் கிள்ளி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். நடு நரம்பும் கிளை நரம்புகளும் பச்சையாகவே இருக்கும், நரம்புகளுக்கு இடைப்பட்ட பகுதி மட்டும் வெளிறியிருக்கும். அடியிலுள்ள முற்றிய இலைகள் நன்றாகவே இருக்கும். அப்படி இருந்தால் அது இரும்புச் சத்துக் குறைபாடு. பழைய இலைகள் முதலில் மஞ்சளாகி உதிர்ந்தால் அது வேறு சங்கதி, தழைச்சத்துக் குறைவாக இருக்கலாம்.

நம் மண்ணில் இரும்பு இல்லாமல் இல்லை. செடியால் எடுக்க முடியவில்லை, அவ்வளவுதான். கருப்பூர் பக்கம் போகும்போது வெள்ளையாகத் தெரிகிறதே மேக்னசைட் கரடு, அதைச் சுற்றியுள்ள நிலங்களில் மக்னீசியம் அதிகம், காரத்தன்மையும் அதிகம். நகரத்தின் பிற பகுதிகளில் மண் வேறாக இருந்தாலும், ஆண்டுக்கணக்கில் உப்புத் தண்ணீர் ஊற்றினால் அங்கும் காரம் ஏறிவிடும். கார மண்ணில் இரும்பு கரையாது. போதாததற்குச் சுவர் பூச்சிலிருந்து இறங்கும் சுண்ணாம்பு வேறு. சுவரை ஒட்டி நட்ட இட்லிப்பூ எப்போதும் நோயாளிதான்.

கடையில் அன்னபேதி கிடைக்கும், அது ஓர் இரும்பு உப்பு. ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 கிராம் அன்னபேதி, 1 கிராம் எலுமிச்சை உப்பு (சிட்ரிக் அமிலம்). கரைத்து உடனே, வெயில் தாழ்ந்த பிறகு, இலையின் இரு பக்கமும் நனையும்படி தெளியுங்கள். பத்துப் பதினைந்து நாளுக்கு ஒரு முறை, புது இலை பச்சையாக வரும் வரை. இது அவசர மருந்து மட்டுமே. நிரந்தர மருந்து மக்கிய இலை உரமும் மழைத் தண்ணீரும்தான். மாடியிலிருந்து இறங்கும் மழைக் குழாயின் கீழ் ஒரு தொட்டியை வைத்துவிடுங்கள்.

சந்தியூர் வேளாண் அறிவியல் நிலையத்தில் மண்ணைப் பரிசோதித்துக்கொள்வதும் நல்லது. செடி வாங்குவதற்கு முன் மண்ணைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதை வேலையில் இருந்த காலம் முழுவதும் சொல்லி வந்தேன், இப்போதும் சொல்கிறேன்.

காப்பிக்காடு

ஏற்காட்டிலிருந்து எழுதுகிறேன். அக்கா சொன்ன டாலியா கதையின் மறுபக்கத்தை நான் சொல்ல வேண்டும்.

எங்கள் வீட்டைச் சுற்றி ஹைட்ராஞ்சியா, டாலியா, அகபாந்தஸ், ஜெரேனியம், ஃபியூசியா எல்லாம் நிற்கின்றன. இவை எல்லாமே பல்லாண்டுச் செடிகள்தான். டாலியாவுக்கு மண்ணுக்குள் கிழங்கு உண்டு. பூத்து முடிந்ததும் தண்டு காய்ந்துவிடும், கிழங்கு உறங்கும், கோடை மழை விழுந்ததும் மறுபடி முளைக்கும். அது மெக்சிகோவின் மேட்டு நிலத்துச் செடி. பகலில் வெயில் அடித்தாலும் இரவு குளிர்ந்தாக வேண்டும் அதற்கு. எங்களுக்கு அந்தக் குளிர்ச்சி கிடைக்கிறது, சேலத்துக்குக் கிடைப்பதில்லை. இருபது கொண்டை ஊசி வளைவுகள் இறங்கினால் அது வேறு நாடு. அங்கே அந்தத் தொட்டி சாகிறது என்றால் வளர்த்தவர் கையில் குறை இல்லை.

ஹைட்ராஞ்சியாவில் இன்னொரு வேடிக்கை உண்டு. மேலே ஐயா சொன்ன மண் விவகாரத்தை அது பூவிலேயே காட்டிவிடும். அமில மண்ணில் அலுமினியம் கரைந்து வேருக்குக் கிடைப்பதால் பூ நீலமாகும். காரம் ஏறினால் அதே செடி இளஞ்சிவப்பாகப் பூக்கும். எங்கள் வீட்டில் காப்பிச் செடிகளுக்கு ஓரமாக, இலைமக்கு நிறைந்த இடத்தில் நிற்பது நீலம். சிமெண்டுப் படிக்கட்டை ஒட்டி நிற்பது, அதே தாய்ச்செடியின் கிளையை வெட்டி ஊன்றிய போத்துதான், கத்தரிப்பூவுக்கும் ரோஸுக்கும் இடைப்பட்ட ஒரு நிறம். பார்க்க வருகிறவர்கள் இரண்டும் வேறு ரகம் என்றே நினைக்கிறார்கள். ஒரு எச்சரிக்கை: இது முந்தைய ஆண்டுக் கிளையின் நுனியில் மொட்டு வைக்கும் செடி. பூத்து முடிந்தவுடன் வெட்டலாம். மாதங்கள் கழித்து ஒழுங்குபடுத்துகிறேன் என்று கத்தரியை எடுத்தால் அடுத்த ஆண்டுப் பூ முழுவதும் குப்பைக்குப் போய்விடும்.

1820களில் சேலம் ஆட்சியராக இருந்த காக்பர்ன் இந்த மலைக்குக் காப்பியைக் கொண்டுவந்தார் என்று ஊரில் எல்லோரும் சொல்வார்கள். காப்பியும் ஒரு பூச்செடிதான் என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை. பங்குனி, சித்திரையில் ஒரு நல்ல மழை விழுந்து சுமார் பத்து நாள் கழித்து விடியற்காலையில் தோட்டத்துக்குள் போய்ப் பாருங்கள். கிளையின் ஒவ்வொரு கணுவிலும் வெள்ளைப் பூக்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கும், இலை மறைந்துவிடும். மணம் மல்லிகைக்குப் பங்காளி. மூன்று நாள் இருந்தால் அதிகம். மலர்க் காட்சிக்கு வரும் கூட்டத்துக்கு இது கிடைப்பதில்லை, அவர்கள் வரும்போது பிஞ்சு பிடித்திருக்கும்.

மொட்டைமாடி

சூரமங்கலம். வீடு வாடகை, எனக்கு மாடி மட்டும். மலைச் செடிகள் கீழே வளரவே வளராது என்பதை நான் ஒப்புக்கொள்ளவில்லை. ஐம்பது சதவீத நிழல்வலைக்குக் கீழே பிகோனியா வைத்திருக்கிறேன், இலைக்காக வளர்க்கும் வகை. நன்றாகவே இருக்கிறது. முயன்றால் முடியும்.

மலையடிவாரம்

தம்பி, பிகோனியாவில் எத்தனையோ வகை உண்டு, வெப்பம் தாங்குபவையும் உண்டு. உங்களுடையது அந்த வகையாக இருக்கும், சந்தோஷம். ஆனால் நிழல்வலை வெயிலைத்தான் குறைக்கும். சித்திரை மாத இரவில் காரைத்தளம் விடும் அனலை அது என்ன செய்யும்? டாலியாவும் ஃபியூசியாவும் தோற்பது அங்கேதான்.

உங்கள் மாடிக்கு அடீனியம் வையுங்கள். ஆப்பிரிக்காவிலும் அரேபியாவிலும் வறண்ட நிலத்தில் வளர்வது, வெயில் எவ்வளவு அடித்தாலும் கேட்டு வாங்கிக்கொள்ளும். அடித்தண்டு ஆண்டுக்கு ஆண்டு பருத்து வடிவெடுக்கும். பூ இல்லாத நாளிலும் பார்க்கத் தோன்றும். தண்ணீர் தேங்கினால் மட்டும் அழுகிவிடும், பாதிக்குப் பாதி ஆற்று மணலும் செங்கல் பொடியும் கலந்து நடுங்கள்.

அம்மாப்பேட்டை அம்மாயி

கன்னங்குறிச்சிக் கண்ணு, நீ கேட்டது மாதத்துக்கு ஒரு பூ. எங்கள் வீட்டு வாசலில் என் மாமியார் வைத்த வரிசை அப்படித்தான் இருக்கிறது, அதையே சொல்கிறேன்.

மாசியில் மல்லிகை தொடங்கும். சித்திரை, வைகாசியில் உச்சம். ஆனால் கார்த்திகைப் பாதிக்குள், அதாவது நவம்பர் முடிவதற்குள், முழங்கால் உயரம் விட்டு மிச்சத்தை வெட்டிவிட வேண்டும். மனம் கேட்காது. இலையும் கொடியுமாக அழகாக நிற்பதை எப்படி வெட்டுவது என்று தோன்றும். வெட்டாத மல்லிகை கொடியாகத்தான் போகும், மொட்டு வைக்காது. ஜாதிமல்லிக்கு மார்கழியில் கவாத்து, முல்லைக்குத் தையில். மூன்றும் வீட்டில் இருந்தால் ஒன்று ஓயும்போது மற்றொன்று கை கொடுக்கும். ஜாதிமல்லி ஐப்பசி வரைக்கும் வரும்.

வைகாசியில் இடி மழை பெய்ததும் மே பூ மண்ணைப் பிளந்துகொண்டு வரும். இலையே இருக்காது, மொட்டைத் தண்டில் சிவப்பாக உருண்டையாக ஒரு பூ. ஆண்டு முழுவதும் அந்த இடத்தில் ஒன்று இருப்பதே மறந்து போயிருக்கும். பக்கத்திலேயே மழை லில்லி வைத்துக்கொள். குழாய்த் தண்ணீர் எவ்வளவு ஊற்றினாலும் அதற்கு அவ்வளவு உற்சாகம் வராது. காய்ந்த மண்ணில் மழை விழுந்தால் நாலைந்து நாளில் மொத்தமாகப் பூத்துவிடும்.

ஆடியில் கோட்டை மாரியம்மன் பண்டிகைக்குப் பூ விலை ஏறும்போது உன் வாசல் செம்பருத்தியும் கனகாம்பரமும் போதும். கனகாம்பரத்தில் விதை வைக்கும் நாட்டு ரகம் ஒன்று வை. காய்ந்த காயை எடுத்துப் பேரப்பிள்ளையின் உள்ளங்கையில் வைத்து ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் பட்டென்று வெடித்து விதை தெறிக்கும். டெல்லி கனகாம்பரம் நிறத்துக்கு நல்லது, ஆனால் அது விதை வைக்காது, போத்து வைத்துத்தான் பெருக்க வேண்டும்.

ஆவணி முதல் மார்கழி வரை பவழமல்லி. இரவில் பூத்து விடிவதற்குள் உதிர்ந்துவிடும். இலை சொரசொரப்பு, செடியும் கொஞ்சம் பரட்டைதான். ஆனால் காலையில் வாசல் தெளிக்கும் முன் அந்தப் பூவைப் பொறுக்குவது எனக்கு ஒரு நாளும் சலித்ததில்லை. கார்த்திகையிலிருந்து தை வரை டிசம்பர் பூ. வயலெட், வெள்ளை, ரோஸில் வெள்ளைக் கோடு போட்டது என்று மூன்றும் எங்களிடம் உண்டு. மணமே கிடையாது, ஆனால் பனிக்காலத்தில் மல்லிகை இல்லாத குறையைத் தலையில் தெரியாமல் செய்துவிடும்.

அந்திமந்தாரையைச் சொல்லாமல் விட முடியாது. சாயங்காலம் நாலு மணிக்கு மேல் விரியும். அடியில் கிழங்கு இருப்பதால் காய்ந்தது போல் தெரிந்தாலும் போகாது. துவைகல் தண்ணீர் போகிற வழியில் வை.

கன்னங்குறிச்சிக்காரி

அம்மாயி, உங்கள் பதிவை எழுதி எடுத்து அலமாரிக் கதவில் ஒட்டிவிட்டேன். நன்றி.

பனமரத்துப்பட்டி

சேலத்தில் பல்லாண்டுப் பூ என்று பேசிவிட்டு அரளியை இவ்வளவு நேரம் யாரும் சொல்லாதது வருத்தமாக இருக்கிறது. எங்கள் பக்கம் காடு காடாக அரளிதான். மொட்டாகவே பறித்து வ.உ.சி. பூ மார்க்கெட்டுக்கு அனுப்புகிறோம். தண்ணீர் குறைந்தாலும் நிற்கும், உப்புத் தண்ணீரையும் பொறுத்துக்கொள்ளும், ஆடு மாடு கடிக்காது. அக்கா வீட்டு மேற்குச் சுவருக்கு இதைவிடப் பொருத்தமான செடி எது?

கன்னங்குறிச்சிக்காரி

செவ்வரளி எனக்கும் பிடிக்கும். ஆனால் வீட்டில் எதையும் வாயில் வைக்கும் வயதில் குழந்தை இருக்கிறது. ஆடு மாடே கடிக்காத செடியை அவளுக்கு எட்டும் இடத்தில் வைக்க எனக்குத் துணிவில்லை.

ஆத்தூரான்

எல்லோர் வீட்டிலும் அரளி இருக்கிறது. யாருக்கு என்ன ஆயிற்று? பயப்படாமல் வையுங்கள்.

மலையடிவாரம்

ஆத்தூர் நண்பரே, இதை லேசாகச் சொல்லாதீர்கள். அரளியின் இலை, பூ, பட்டை, வேர் எல்லாமே இதயத் துடிப்பைக் குலைக்கும் நஞ்சு. மஞ்சள் அரளியின் கொட்டை இன்னும் கொடியது. நம் மாவட்டத்து மருத்துவமனைகளுக்கு இது புதிய விஷயம் அல்ல. கவாத்து செய்த குச்சிகளை எரிக்கக் கூடாது, அந்தப் புகையும் ஆகாது. அடீனியத்தின் பாலிலும் இதே வகை நஞ்சு உண்டு. மாடித் தம்பி, அதை வெட்டினால் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

காட்டில் பயிராக வைப்பவர்கள் கையாளத் தெரிந்தவர்கள். தவழும் குழந்தை இருக்கும் வீட்டுக்கு அரளி இப்போது வேண்டாம் என்பதே என் முடிவு. அவள் பள்ளிக்கூடம் போகும் வயது வந்ததும் பார்த்துக்கொள்ளலாம்.

மேற்குச் சுவருக்குப் போகன்வில்லா வையுங்கள். அனல், உப்பு, வறட்சி மூன்றையும் தாங்கும். தண்ணீரை அடிக்கடி ஊற்றினால் இலையாகத் தழைக்கும், ஒரு வாட்டம் கொடுத்து விட்டால் நிறம் கொட்டும். நாம் பூ என்று பார்ப்பது நிறம் மாறிய மூன்று இலைகளை. அவற்றின் நடுவே தீக்குச்சி நுனி அளவில் வெள்ளையாகத் தெரிவதுதான் உண்மையான பூ. முள் இருப்பதால் நடைபாதையை விட்டுத் தள்ளி நடவும்.

பனமரத்துப்பட்டி

ஐயா சொல்வது சரிதான். குழந்தை இருக்கும் வீட்டுக்கு வேண்டாம். என் மகனுக்கும் காட்டில் பூ பறிக்க வரும்போது முதலில் சொல்லிக் கொடுத்தது கை கழுவத்தான்.

காப்பிக்காடு

நஞ்சைப் பற்றிப் பேசும்போதே என் மனதுக்கு மிக நெருங்கிய செடியைச் சொல்லிவிடுகிறேன். செங்காந்தள். நம் மாநில மலர். மலைச்சரிவில் வேலியோரப் புதர்களில் தானாக வருவது, சமவெளியிலும் நன்றாக வளரும். மூலனூர், வேதாரண்யம் பக்கம் விதைக்காகவே பயிரிடுகிறார்கள். அதிலிருந்து எடுக்கும் கொல்சிசின் மூட்டுவாத நோய் ஒன்றுக்கு மருந்து. மருந்தாகும் அதே பொருள் அளவு மீறினால் ஆளைக் கொல்லும். கிழங்கு பார்க்கச் சர்க்கரைவள்ளி போல இருக்கும், அதனால் வீட்டில் உள்ள எல்லோருக்கும் சொல்லி வைக்க வேண்டும்.

இப்போது அதன் அழகுக்கு வருகிறேன். முளை விட்டு ஒரு முழம் வளரும் வரை சாதாரணச் செடிதான். அப்புறம் ஒவ்வொரு இலையின் நுனியும் நீண்டு சுருளத் தொடங்கும். பற்றுக்கம்பி தனியாக இல்லை, இலையே கையாகிறது. நான் ஒரு முறை கட்டுக்கம்பி ஒன்றை நட்டு வைத்துவிட்டுக் காலையில் பார்த்தேன்: கம்பியைத் தொட்ட இலைநுனி அதை ஒரு சுற்றுச் சுற்றியிருந்தது. மாலைக்குள் இரண்டாம் சுற்று இறுகிவிட்டது. தொடாத இலைகள் இன்னும் காற்றில் துழாவிக்கொண்டிருந்தன.

மொட்டு தலைகீழாகத் தொங்கும், பச்சையாக. விரிய விரிய ஆறு இதழ்களும் பின்னோக்கி மடங்கி மேலே நிமிரும். ஓரம் நெளிநெளியாக இருக்கும். முதல் நாள் அடி மஞ்சளும் நுனி சிவப்பும். நாளாக ஆகச் சிவப்பு கீழே இறங்கி மஞ்சளை விழுங்கிவிடும். ஒரே கொடியில் பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு எல்லா நிலையிலும் பூ நிற்கும். சூல்தண்டைப் பாருங்கள், அது நேராக நீளாமல் செங்கோணத்தில் பக்கவாட்டில் திரும்பியிருக்கும். தன் மகரந்தத்திலிருந்து ஒதுங்கி, வேறு பூவிலிருந்து வரும் பூச்சிக்காகக் காத்திருக்கும் ஏற்பாடு.

ஐப்பசி, கார்த்திகையில் பூக்கும். மார்கழி முடிவில் கொடி மஞ்சளாகிக் காய்ந்துவிடும். இங்கேதான் பெரும்பாலானோர் அதை இழக்கிறார்கள். செத்துவிட்டது என்று பிடுங்கி எறிகிறார்கள், அல்லது பாவம் என்று தண்ணீர் ஊற்றி அழுக வைக்கிறார்கள். பழைய கிழங்கு கரைந்து புதுக்கிழங்கு உருவாகி மண்ணுக்குள் உறங்கும் நேரம் அது. இடத்தை மறக்காமல் இருக்கச் சுற்றிலும் நான்கு செங்கல் பதித்துவிடுங்கள். கோடை மழை வரை தண்ணீரே வேண்டாம். கிழங்கின் முனையில் ஒரே ஒரு முளைக்கண் இருக்கும், அது உடைந்தால் அந்தக் கிழங்கு முளைக்காது. படுக்கை வசத்தில் நடவேண்டும்.

உறங்கி எழும் செடிகளை வளர்ப்பதில் இருக்கும் நிறைவு எப்போதும் பச்சையாக நிற்பவற்றில் எனக்குக் கிடைத்ததில்லை.

மொட்டைமாடி

பெரியவர்கள் அனைவரும் பொறுக்க வேண்டும், ஒரு கேள்வி. செங்காந்தள் நம் மண்ணின் செடி. டாலியா, போகன்வில்லா, அடீனியம் எல்லாம் வெளிநாடு. வீட்டுத் தோட்டத்தில் நாட்டுச் செடிகளை மட்டுமே வைக்க வேண்டும் என்று இப்போது பலர் சொல்கிறார்கள். நீங்கள் எல்லாம் என்ன நினைக்கிறீர்கள்?

பனமரத்துப்பட்டி

அப்படிப் பார்த்தால் சம்பங்கியை எங்கே அனுப்புவது? நிலச்சம்பங்கியும் மெக்சிகோவிலிருந்து வந்ததுதான். நம் ஊர்க் கல்யாண மாலையில் அது இல்லாமல் நடக்குமா?

அம்மாப்பேட்டை அம்மாயி

அந்திமந்தாரையும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்ததாம், என் பேத்தி படித்துக் காட்டினாள். வந்து எத்தனை தலைமுறை ஆயிற்று! எங்கிருந்து வந்தால் என்ன கண்ணு, வந்த வீட்டில் அடங்கி இருக்கிறதா என்று பார்.

காப்பிக்காடு

அம்மாயி சொன்னதுதான் என் அளவுகோலும். உண்ணிச்செடியும் பூவுக்காகத்தான் தோட்டங்களுக்குக் கொண்டுவரப்பட்டது. பறவைகள் விதையைப் பரப்ப, இன்று சேர்வராயன் மலைச் சரிவுகளில் அது ஏறாத இடம் குறைவு. அதன் அடியில் வேறு எதுவும் தலைதூக்க முடிவதில்லை. அகபாந்தஸும் வெளிநாடுதான், ஆனால் நான் நட்ட இடத்தை விட்டு எங்கள் வீட்டில் அது நகர்ந்ததில்லை. வேலி தாண்டிக் காட்டுக்குள் போகும் செடியா, இல்லையா? வாங்கும் முன் இந்தக் கேள்வியைக் கேளுங்கள், மலையில் இருப்பவர்கள் இரண்டு முறை கேளுங்கள்.

இதை ஒட்டி இன்னொன்று. விசித்திரமான செடி வேண்டும் என்று அக்கா கேட்டிருந்தார். ஏற்காட்டில் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் ஆர்க்கிட் பூங்கா 1963 முதல் இருக்கிறது. படகு ஏரியோடு திரும்பிவிடுகிறவர்கள் அதையும் ஒரு முறை பார்க்க வேண்டும். மேகாலயாவின் காசி மலையைச் சேர்ந்த குடுவைச் செடி அங்கே உண்டு. இலையின் நுனி மூடியுடன் கூடிய குடுவையாகித் தொங்கும், பூச்சி உள்ளே விழுந்தால் செரித்துவிடும். நம் மலையின் பெயரையே தன் அறிவியல் பெயரில் தாங்கும் வெர்னோனியா சேர்வராயென்சிஸ் என்ற செடியையும் கேட்டுப் பாருங்கள். இந்த மலைக்கே உரியது அது.

குறிஞ்சியை மட்டும் வீட்டுக்குக் கேட்காதீர்கள். நீலகிரியில் 2006இல் பூத்தது, பிறகு 2018இல் பூத்தது. பன்னிரண்டு ஆண்டு வளர்ந்து ஒரே முறை பூத்து, விதை விட்டு மடியும் செடி. அதன் அழகே மலைச்சரிவு முழுவதும் ஒன்றாகப் பூப்பதில்தான். தொட்டியில் ஒற்றையாக வைப்பது அதற்கு நியாயம் அல்ல.

காட்டு மரத்திலிருந்து பிரித்தெடுத்த ஆர்க்கிட்டை யார் கொடுத்தாலும், எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். வேரோடு ஒட்டியிருக்கும் பூஞ்சை, நிழல், ஈரம் எல்லாவற்றையும் இழந்த செடி வீட்டில் மெல்ல மெல்லச் சாகும். காட்டிலும் ஒன்று குறையும். நாற்றங்காலில் வளர்த்த டென்ட்ரோபியம் கிடைக்கிறது, கரியும் தேங்காய் மட்டையும் போட்டு வளர்க்கலாம். அதற்கும் உப்புத் தண்ணீர் ஆகாது, மழைத் தண்ணீரைச் சேமிப்பவர்கள் மட்டும் முயலுங்கள்.

கன்னங்குறிச்சிக்காரி

அப்படியானால் ஆர்க்கிட் எனக்கு இல்லை. பார்க்க மட்டும் மேலே வருகிறேன்.

மனோரஞ்சிதம் பற்றி யாராவது சொல்லுங்கள். எனக்கு மிகவும் ஆசை. பாம்பு வரும் என்று வீட்டில் தடுக்கிறார்கள்.

மலையடிவாரம்

வாசனைக்காகப் பாம்பு வருவதில்லை அம்மா. மனோரஞ்சிதம் அடர்ந்து புதராகும், அடியில் சருகு சேரும், சருகில் எலியும் தவளையும் சேரும். அவற்றைத் தேடித்தான் பாம்பு வரும். அடியில் இரண்டடி உயரத்துக்குக் கிளைகளை எடுத்துவிட்டு, வாரத்துக்கு ஒரு முறை கூட்டிவிட்டால் எந்தப் பயமும் இல்லை.

விசித்திரச் செடி கேட்டீர்களே, இதைவிட வேறு வேண்டுமா? பூவின் காம்பைப் பாருங்கள், கொக்கி போல் வளைந்து மரமாக இறுகியிருக்கும். அந்தக் கொக்கியை மாட்டித்தான் கொடி ஏறுகிறது. பூ முதலில் இலையின் பச்சையிலேயே இருக்கும், மணம் வராது, இருப்பதே தெரியாது. மஞ்சளாகப் பழுத்த பிறகுதான் பழ வாசனை தெரு முனை வரை போகும். எங்கிருந்து வருகிறது என்று தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கும். இரும்புக் குழாயில் நல்ல பந்தல் கட்டிக் கொடுங்கள், பல்லாண்டு நிற்கும்.

அம்மாப்பேட்டை அம்மாயி

சங்குப்பூவையும் அதே பந்தலின் ஓரத்தில் ஏற்றிவிடு. அவரை இனம், வேர் முடிச்சு வழியாக மண்ணுக்கே தழைச்சத்துச் சேர்க்கும். விதையை ஓர் இரவு ஊறப் போட்டு ஊன்று.

கன்னங்குறிச்சிக்காரி

எல்லோர் சொல்லையும் வைத்து இப்படி முடிவு செய்திருக்கிறேன். மேற்குச் சுவருக்கு இரண்டு போகன்வில்லா, வெள்ளை ஒன்று, செங்கல் நிறம் ஒன்று. வாசலில் மல்லிகையும் ஜாதிமல்லியும். இட்லிப்பூவைச் சுவரிலிருந்து மூன்றடி தள்ளி இலைமக்குப் போட்டுப் புதுக்குழிக்கு மாற்றுகிறேன், அன்னபேதி நேற்றே தெளித்தாயிற்று. பின்கட்டில் பவழமல்லி, துவைகல் ஓரம் அந்திமந்தாரை. மனோரஞ்சிதத்துக்குப் பந்தல்காரரிடம் பேசியாயிற்று. மே பூவும் மழை லில்லியும் படிக்கட்டின் இரு பக்கமும். அரளிக்கும் செங்காந்தளுக்கும் இடம் ஒதுக்கியிருக்கிறேன், ஆனால் குழந்தை வளரும் வரை அந்த இடம் காலியாகவே இருக்கும். ஆடி முதல் வாரத்தில் நடுகிறேன்.

டிசம்பர் பூவுக்கும் மே பூக் கிழங்குக்கும் மட்டும் இன்னும் வழி தெரியவில்லை. நான் கேட்ட நாற்றுப் பண்ணைகளில் இல்லை.

மொட்டைமாடி

எனக்கும் டிசம்பர் பூ வேண்டும், தொட்டியில் வருமா?

அம்மாப்பேட்டை அம்மாயி

தாராளமாக வரும் தம்பி. கடைகளில் எங்கே இருக்கப் போகிறது, இதெல்லாம் வீட்டுக்கு வீடு கை மாறும் செடிகள். மூன்று நிறத்திலும் போத்து வெட்டித் தருகிறேன். பென்சில் கனத்தில், நான்கு கணு இருக்கும்படி, கீழ்க்கணுவுக்குச் சற்றுக் கீழே சாய்வாக வெட்டினால் போதும். ஈர வாழைப்பட்டையில் சுற்றி எடுத்துப் போனால் பஸ்ஸில் எவ்வளவு நேரமானாலும் வாடாது. இரண்டு கணு மண்ணுக்குள் போகும்படி ஊன்றி, துளிர் விடும் வரை நிழலில் வையுங்கள். ஆடி பிறந்ததும் ஒரு நல்ல மழை பெய்த மறுநாள் வாருங்கள்.

மே பூக் கிழங்கு இப்போது இலையோடு நிற்கிறது, அதைக் கிளறக் கூடாது. இலை காய்ந்து மடிந்த பிறகு, தை மாதம் எடுத்துத் தருகிறேன்.